கடல் முதலில் போர்வெல்லுக்குத்தான் வரும்

எங்கள் காரைக்குடி வீட்டு வாசலுக்கு ஏற நாலைந்து படி. ஏன் இவ்வளவு உயரம் என்றால், பூம்புகாரைக் கடல் கொண்டபோது பயந்து ஓடி வந்தவர்கள் கட்டிய வீடு அப்படித்தான் இருக்கும் என்பார் அப்பத்தா. வரலாறா செவிவழிக் கதையா, அது வேறு பஞ்சாயத்து.

ஆனால் சென்னையில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் என் அயித்தை வீட்டுக்குக் கடல் படியேறி வரவில்லை, போர்வெல் வழியாக வந்தது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை, அப்புறம் பருப்பு வேகவில்லை, குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்துவிட்டது.

கடலோர மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, ரசத்தின் மேல் நெய் நிற்பது போல. இந்த இரண்டு தண்ணீரும் கலக்கக்கூடியவைதான், ஆனால் மணலுக்குள் அலசிவிட ஆள் இல்லையே, அதனால் மெதுவாகத்தான் கலக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம், கடல்நீர் சுமார் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்: நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும். மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக 40 மீட்டர் மேலே ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இது 1969-லேயே பதிவாகியிருக்கிறது.

இப்போது கடலும் உயர்கிறது. சூடானால் தண்ணீர் விரியும், நிலத்தின் மேல் இருக்கும் பனிப்பாறைகளும் உருகுகின்றன, இரண்டும் சேர்ந்து 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டத்தைச் சுமார் 20 சென்டிமீட்டர் ஏற்றிவிட்டன. ஒரு சாண்தானே என்று தோன்றும். நிலத்தடி நீர் கூடவே உயராத இடத்தில், அதே 40 மடங்கு கணக்குப்படி, அடியில் சுமார் 8 மீட்டர் நல்ல தண்ணீர் போச்சு.

உப்பைத் திரும்ப அமுக்க மேலிருந்து மழைநீரை இறக்க வேண்டும். ஊருணி வெட்டியும், முற்றத்து மழையை அண்டாவில் பிடித்தும் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாகியும் அயித்தை இருக்கும் அடுக்குமாடியில் அந்தக் குழி மேல் இரண்டு ஸ்கூட்டர் நிற்கிறது.

ஊருக்கு வந்தால் அவர் திரும்பும்போது சம்பை ஊற்றுத் தண்ணீர் இரண்டு கேன் பஸ்ஸில் கால்மாட்டில் போகும். பருப்புக்கு மட்டும்.