மிதிக்காமலே கியர் மாற்ற ஆசைப்படும் தம்பிகளுக்கு

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் மவுண்டன் பைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். உருட்டிக்கொண்டு வர முடியாத நிலை. பின்சக்கரத்தில் ஆறு போக்ஸ் கம்பிகள் அறுந்திருந்தன. கியர் மாற்றச் செயினை நகர்த்தும் டிரெய்லியரின் கூண்டு, பின்னாலுள்ள பல்சக்கர அடுக்கான கேசட்டுக்கும் கம்பிகளுக்கும் நடுவே புகுந்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதைத் தாங்கும் ஹேங்கர் இரண்டாக முறிந்திருந்தது. செயினை வெட்டி எடுத்த பிறகுதான் சக்கரம் சுற்றவே ஆரம்பித்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது குச்சி ஒன்று செயினில் சிக்கியிருக்கிறது, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு ஆளைக் கீழே தள்ளியிருக்கிறது. முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு, அவ்வளவுதான். தார்ச் சாலையில், எதிரே ஒரு பேருந்து வரும்போது நடந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஹேங்கர் முறிவது எங்களுக்குப் பழக்கமான சங்கதி. ஆனால் இந்த வண்டியில் கேசட்டின் பெரிய பல்சக்கரம் எட்டு கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டு போக்ஸ் கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. “என்னங்க தம்பி இது?” என்று கேட்டேன். “அதுங்கண்ணா, மிதிக்காமலே கியர் மாத்தறதுக்கு. வீடியோ பாத்து நானே பண்ணுனதுங்க” என்றார். முன்னால் பார்த்தால் பெடல் மாட்டும் கிராங்கிலும் ஒரு ஃப்ரீவீல், அதாவது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும் பல்சக்கரம். இந்த வருடத்தில் என் பட்டறைக்கு வந்த இப்படிப்பட்ட வண்டிகளில் இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஆசையில் தப்பே இல்லை. இறக்கத்தில் வேகமாக வருகிறீர்கள், பாதை முழுக்கப் பாறையும் வேரும், பெடலை ஒரு சுற்று சுற்றினாலும் கல்லில் இடிக்கும், வளைவு தாண்டினால் திடீரென்று ஒரு ஏற்றம். அந்த ஏற்றத்துக்குத் தேவையான கியரை இங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் டிரெய்லியர் என்பது செயின் ஓடினால்தான் வேலை செய்யும், செயின் ஓடக் கால் மிதிக்க வேண்டும். மலையில் ஓட்டிய எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும்.

இதற்கு விடை தேடியவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. 1970களின் கடைசியில் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனமே முன் ஃப்ரீவீல் கொண்ட ஒரு அமைப்பை எஃப்.எஃப்.எஸ். என்ற பெயரில் விற்றது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றும்வரை செயின் ஓடிக்கொண்டே இருக்கும், கியர் எப்போது வேண்டுமானாலும் மாறும். ஹோண்டா தன் ஆர்.என்.01 டவுன்ஹில் (மலையிறக்க) பந்தய சைக்கிளில் இதே எண்ணத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து ஓட்டியது. டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னார் 2005இல் உலகக் கோப்பைப் பட்டத்தை வென்றபோது ஹோண்டா அணியில்தான் இருந்தார். அந்த வண்டி கடைசிவரை கடைக்கு விற்பனைக்கு வரவே இல்லை.

சரி, அவர்கள் செய்ததற்கும் நம் தம்பி செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அதைச் சொல்ல, சாதாரண வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன நாக்குகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவை பற்களில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களின்மேல் கிர்ர்ரென்று வழுக்கி ஓடும். சக்கரம் சுற்றும், கேசட்டும் செயினும் நிற்கும். இப்போது கேசட்டைக் கம்பியோடு கட்டிவிட்டால் சக்கரம் சுற்றும்வரை கேசட்டும் சுற்றியே ஆக வேண்டும். அதோடு சேர்ந்து பெடலும் சுற்றினால் ஓட்ட முடியாது என்பதால் ஃப்ரீவீலை முன்னால் கிராங்கில் வைக்கிறார்கள். தடைகள்மேல் தாவி ஓட்டும் டிரையல்ஸ் வண்டிகளின் கிராங்கும், வீட்டிலேயே மின்சார சைக்கிள் செய்பவர்களுக்காக விற்கும் ஃப்ரீவீல் கிராங்கும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒருவர் நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் பின் ஃப்ரீவீலையே டிரையல்ஸ் கிராங்கில் முறுக்கிக்கொண்டு வந்தார், மரை என்னவோ சேரும். ஆனால் அந்தப் பற்கள் பழைய அகலச் செயினுக்கு வெட்டியவை, ஒன்பது, பத்து கியர் செயினின் உள் அகலமே 2.2 மில்லிமீட்டர்தான், அது பல்லின் மேலேயே ஏறி உட்காராது.

ஷிமானோ அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தை இந்த வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை. அவர்கள் பின்னால் இருந்த ஃப்ரீவீலை எடுத்துவிடவில்லை. அதை இறுக்கமாக, உராய்வோடு சுற்றும்படி வைத்தார்கள். வழக்கமாக அது சக்கரத்தோடு சேர்ந்து ஓடும். ஆனால் செயினில் கால்சட்டையோ கயிறோ சிக்கினால் அது வழுக்கிக்கொடுக்கும், செயின் நின்றுவிடும், சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும். முழு வடிவமைப்பின் உயிரே அந்த வழுக்கல்தான். எட்டு கேபிள் டை போடும்போது நாம் கொல்வது அதைத்தான்.

“டை ஃபியூஸ் மாதிரிதானுங்கண்ணா, ஏதாச்சும் சிக்குனா அறுந்துரும்” என்றார் தம்பி. நியாயமான வாதம், அதனால் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 4.8 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண டை ஒன்று சுமார் 22 கிலோ இழுவை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது கட்டியிருக்கும் 42 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 85 மில்லிமீட்டர். செயின் அப்போது ஓடுவது 11 பல் சக்கரத்தில், அதன் ஆரம் 22 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரே ஒரு டை அறுவதற்கே செயினில் 85 கிலோ இழுவை வேண்டும். எட்டு டை என்றால் 650 கிலோவைத் தாண்டுகிறது. அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே ஹேங்கர் வளையும், டிரெய்லியர் கம்பிகளுக்குள் போகும். தம்பியின் எட்டு டையில் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை, நான்தான் கட்டிங் பிளேயரால் வெட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மிதிக்கும்போது பாரம் முழுவதும் ஹப்புக்குள் இருக்கும் நாக்குகளுக்குப் போகிறது, டைக்கு அங்கே வேலையே இல்லை. மிதிக்காதபோது செயினை இழுத்துக்கொண்டு போவது மட்டும்தான் அதன் வேலை. அதற்கு மிகக் குறைந்த பலம் போதும். எட்டு டை என்பது தேவையே இல்லாத ஒரு கனமான பூட்டு. ஹப்பின் நாக்குகளை வெல்டு வைத்தோ எபாக்சி பசை ஊற்றியோ ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு வண்டி வந்தால் கையே வைக்க மாட்டேன், ஓட்டவும் விட மாட்டேன். அது என்றைக்கும் வழுக்காது.

டிரெய்லியர் ஏன் உள்ளே இழுபடுகிறது என்பதும் பலருக்குப் புரிவதில்லை. மிதிக்கும்போது இறுக்கமாக இருப்பது மேல் செயின், டிரெய்லியர் இருக்கும் கீழ்ப்பக்கம் தளர்வு. சக்கரம் செயினை ஓட்டினால் இது அப்படியே தலைகீழ். கேசட் கீழ்ச் செயினைப் பின்னால் இழுக்கிறது, அந்த இழுவை முழுக்க டிரெய்லியரின் மெல்லிய ஸ்பிரிங் வழியாகப் போகிறது. முன் ஃப்ரீவீல் கெட்டி க்ரீஸினாலோ தூசியினாலோ கொஞ்சம் இறுகினால்கூட, கூண்டு முன்பக்கமாக விரைத்துக்கொள்ளும், மேல் செயின் தொங்கிப்போய்ச் சட்டத்தில் அடிக்கும், ஒரு குலுக்கலில் கழன்று விழும். கூண்டு எளிதில் ஆடாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ள டிரெய்லியர் இதைச் சற்றுத் தாங்கும், தடுக்காது. ஏற்கனவே இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பெடலும் தானாகச் சேர்ந்து சுற்றினால் முன் ஃப்ரீவீல் இழுக்கிறது என்று அர்த்தம், அந்த வண்டியை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம், நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே விரல்கள்தான்.

29 அங்குலச் சக்கரம் மணிக்கு 40 கிலோமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 290 முறை சுற்றுகிறது. பின்னால் 42 பல், முன்னால் 32 பல் என்றால் உங்கள் கணுக்காலுக்குப் பக்கத்தில் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) நிமிடத்துக்கு 380 முறை சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் காலை ஆட்டாமல் நிற்கும்போது. ஷூ லேஸ் அவிழ்ந்து சாதாரண வண்டியின் செயினில் மாட்டினால் கால் உணரும், மிதிப்பதை நிறுத்துவீர்கள், செயின் நின்றுவிடும். இங்கே நிறுத்த உங்களிடம் ஒன்றுமில்லை, வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையின் முழு வேகமும் அந்தச் செயினை ஓட்டுகிறது.

அந்தத் தம்பிக்குக் காட்டுவதற்காக, இதே மாதிரி கட்டியிருந்த இன்னொரு வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, செயின்ரிங்கின் மேல்பக்கம் செயின் பல்லில் ஏறும் இடத்தில் துடைப்பக் குச்சி நான்கைச் சேர்த்து நீட்டினேன். டக்கென்ற ஒரு சத்தம். குச்சிகள் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, இரண்டு விரல்கடை நீளத் துண்டுகளாகக் கீழே விழுந்தன. சக்கரம் அதற்கப்புறமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை.

பட்டறைக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன், வீட்டிலும் அப்படித்தான். ஸ்டாண்டில் தொங்கும் சைக்கிளோ, கவிழ்த்து வைத்த சைக்கிளோ கண்ணில் பட்டால் முதலில் செய்வது சக்கரத்தைச் சுற்றிவிடுவது. அந்தக் கிர்ர்ர் சத்தம் அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். சாதாரண வண்டியில் சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றினால் செயின் பெரும்பாலும் அசையாது, அதனால் ஓரளவு தப்பிக்கிறார்கள். இந்த வண்டியில் சக்கரம் சுற்றினால் செயினும் ஓடும், ஒரு கை சக்கரத்தில் இருக்கும்போது இன்னொரு கை எங்கே போகும் என்று எந்தப் பிள்ளையும் யோசிக்காது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இப்படிக் கட்டிய வண்டியை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். செயினுக்கு எண்ணெய் விட நாங்கள் பெடலைப் பின்னால் சுற்றுவோம், இந்த வண்டியில் அப்படிச் சுற்றினால் செயின் நகராது. என் பட்டறைப் பையன் அப்படித்தான் குழம்பி, சக்கரத்தைத் தள்ளிவிட்டுத் துணியால் செயினைப் பிடித்தான். துணி போனது, விரல் தப்பியது. விற்கும்போதும் அப்படியே, வாங்குகிறவருக்குத் தெரியாமல் கைமாற்றாதீர்கள்.

அப்படியென்றால் வேறு வழி? பணம் இருப்பவர்களுக்கு வழிகள் உண்டு. ஜெர்மனியின் ரோலாஃப் 14 கியர் ஹப் 1998இலிருந்து இருக்கிறது, பினியன் கியர் பெட்டி இருக்கிறது, இரண்டிலும் மிதிக்காமல், நின்றுகொண்டேகூட மாற்றலாம். 2022இல் ஷிமானோ தன் மின்சார மவுண்டன் பைக் மோட்டாரில், மிதிக்காதபோது மோட்டாரே செயின்ரிங்கைச் சற்றுச் சுற்றி கியரை மாற்றித்தரும் வசதியைக் கொண்டுவந்தது. எல்லாமே கனம், எல்லாமே விலை, கல்லூரிப் பையன்கள் கைக்கு எட்டுவது கஷ்டம்.

காசில்லாத வழி கால் பழக்கம். இன்றைய கேசட்டுகளில் செயின் ஏறி இறங்கப் பற்களின் பக்கவாட்டில் சரிவுகள் வெட்டியிருக்கிறார்கள், ஒரு கியர் மாறக் கேசட் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டியதில்லை. பெடலில் அரைச் சுற்று பெரும்பாலும் போதும். அந்த அரைச் சுற்றை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் வித்தை. பிரேக் பிடிப்பதற்கு முன்னால், வளைவு கண்ணில் பட்ட உடனே, பாறை ஆரம்பிப்பதற்குள். மேலே ஏறிப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்தால் எங்கே அரை மிதி கிடைக்கும் என்று தெரிந்துவிடும். மிதிக்காமல் ஓடவிட்டபடியே கியர் லீவரை மூன்று தடவை தட்டிவிட்டு ஏற்றத்தில் ஓங்கி மிதிப்பதை மட்டும் செய்யாதீர்கள், என்னிடம் வரும் முறிந்த ஹேங்கர்களில் பாதிக்கு அதுதான் காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகும் செய்துதான் பார்ப்பேன் என்பவர்களும் இருப்பார்கள், எனக்குத் தெரியும். அவர்களிடம் எட்டு வேண்டாம், 2.5 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய டை ஒன்றே ஒன்று போடுங்கள் என்பேன், செயினை இழுக்க அது போதும், ஏதாவது சிக்கினால் அறுவதற்கு ஓரளவு வாய்ப்பாவது இருக்கும். தார்ச் சாலைக்கும் கூட்டத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். லேஸைச் செருகுங்கள், கால்சட்டையைக் கட்டுங்கள். ஓட்டி முடித்த அன்றைக்கே டையை வெட்டிவிடுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்குப் புது ஹேங்கர், ஆறு கம்பிகள், பழைய டிரெய்லியர் ஒன்று போட்டுக் கொடுத்தேன். முன் கிராங்கை அவரே கழற்றி, பழைய கிராங்கை மாட்டச் சொன்னார். வெட்டிய டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஒரு இறக்கத்துக்குப் போவதாக ஏற்பாடு, அரை மிதி எங்கே வைப்பது என்று முதலில் நடந்தே பார்க்கப் போகிறோம்.