அந்தப் பழுப்பு வண்ணத்தை என்னிடம் கேட்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே அழைப்பு. விளம்பரத்துக்கு இந்தியக் கடைக்காரர் ஒருவர் வேண்டுமாம். ஏற்கெனவே ஒப்பந்தமான சீன நடிகரையே கொஞ்சம் கறுப்பாக்கி, மீசை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். சிங்கப்பூரில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒப்பனைத் தொழிலில் இருக்கிறேன். 2019இல் மின்னணுக் கட்டண விளம்பரம் ஒன்றில் ஒரே சீன நடிகர் இந்திய ஆணாகவும் மலாய்ப் பெண்ணாகவும் வந்து எவ்வளவு கொந்தளிப்பு ஏற்பட்டது! அதற்குப் பிறகுமா இப்படிக் கேட்கிறீர்கள்?

மறுத்தவுடன் ஒரு வாதம் வரும்: "நடிப்பு என்றாலே வேறொருவராக மாறுவதுதானே?" எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தாராளமாக மாறட்டும். கிழவனாக, கொலைகாரனாக, அரசனாக மாற்றித் தருவதுதான் என் வேலை. ஆனால் யாரும் யாராகவும் மாறலாம் என்றால், ஒரு தமிழ்ப் பையனுக்கு வெளிர் நிறம் பூசிச் சீனக் குடும்பத் தொடரில் மூத்த மகனாக நடிக்க வையுங்கள், பார்ப்போம். அப்படி ஒரு கோரிக்கை இதுவரை எனக்கு வந்ததே இல்லை. பறிபோவது எப்போதும் ஒரு பக்கத்தாரின் வேடம்தான்.

இது பழைய கதை. சீன உழவர் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' (1937) ஹாலிவுட்டில் உருவானபோது, லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்கரான ஆனா மே வோங் பெயர்பெற்ற நடிகை. நாயகனாக நடித்த பால் முனி வெள்ளையர்; கலப்பின இணையைத் திரையில் காட்ட ஹாலிவுட்டின் அன்றைய தணிக்கை நெறிமுறை இடம் தரவில்லை. நாயகி வேடம் வெள்ளையரான லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கர் விருதும் அவருக்கே. குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி வேடத்துக்கு வோங்கை அழைத்தார்கள், அவர் மறுத்தார். அரை நூற்றாண்டு கழித்து 'ஷார்ட் சர்க்யூட்'டில் (1986) இந்தியப் பொறியாளராக நடித்தவரும் பழுப்பு பூசிய வெள்ளையரே.

சக ஒப்பனைக் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளிர்த் தோலைக் கறுப்பாக்க வண்ணம் இருக்கும். இயல்பிலேயே கறுத்த தோலுக்குப் பொருந்தும் அடிப்பூச்சு இருக்காது. கைக்கு வந்ததைப் பூசுகிறீர்கள், முகம் சாம்பல் பூத்துப் போகிறது, பிறகு "கேமராவுக்கு ஒத்துவராத முகம்" என்று அந்த நடிகரைக் கழிக்கிறார்கள். குறை அவர் முகத்தில் இல்லை. இந்த மாதமே வாங்கி வையுங்கள்.

இளம் நடிகர்களே, நடிகர் தேர்வில் "இன்னும் கொஞ்சம் இந்தியராகப் பேசு" என்றால் உடனே தலையை ஆட்டிப் பேசிவிடாதீர்கள். இந்தப் பாத்திரம் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி, இங்கே எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். பதில் இருந்தால் நல்ல வேடம். இல்லையென்றால் யோசியுங்கள். வாடகைக்குப் பணம் வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை; கேட்டுவிட்டாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர்களே, அந்தக் கடைக்காரர் வேடம் இன்னும் காலியாக இருந்தால் கூப்பிடுங்கள். பொருத்தமான ஐந்து நடிகர்களின் எண்கள் என்னிடம் இருக்கின்றன.