செமஸ்டர் லீவு ஆபரேஷனுக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது

பிப்ரவரி முதல் வாரம். இருபது வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அப்பாவும் ரூம்மேட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓபிக்கு அழைத்து வந்தார்கள். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. டிசம்பர் நடுவில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவன். கால் தரையில் பாவவில்லை. கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "ரெண்டு மேடம் தெரியறீங்க" என்றான். நாலு வாரமாக வாந்தியாம். ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கேட்டதற்கு, "இன்டர்னல் டெஸ்ட் நடந்துட்டு இருந்துச்சு மேடம்" என்று பதில்.

அவனுக்கு வந்தது வைட்டமின் பி1 குறைபாடு, அது மூளையைத் தொடும் அளவுக்கு. உடம்பில் இந்தச் சத்தின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். இடையில் பக்கத்து கிளினிக் ஒன்றில் சோர்வுக்கு இரண்டு முறை குளுக்கோஸ் வேறு ஏற்றியிருக்கிறார்கள், அது மிச்சமிருக்கும் பி1-ஐயும் தின்றுவிடும். (டாக்டர் நண்பர்களே, பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆன ஆள் வாந்தியோடு வந்தால் முதலில் பி1 ஊசி, அப்புறம் குளுக்கோஸ். தயவுசெய்து.)

அப்பா கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "படிப்பு கெடக் கூடாதுன்னுதானே மேடம் லீவுல வச்சோம்?"

இருபது நாள் லீவு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. மிச்சம் பதினேழு நாள் ஓய்வு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்ட பொருள்தான் தப்பு. பெற்றோர் எல்லோரும் என்னிடம் சொல்லும் ஒரே வாக்கியம்: "லேசர்லதானே மேடம் பண்றாங்க, சின்ன ஓட்டைதானே." முதலில், அது லேசர் இல்லை. லேப்ராஸ்கோபி. வயிற்றில் நாலைந்து துளை போட்டு கேமராவும் கருவியும் உள்ளே விடுகிறார்கள். வெளியே தெரிவது அந்தத் துளைகள் மட்டும்தான், அவை பத்து நாளில் ஆறிவிடும். உள்ளே என்ன நடந்திருக்கிறது? இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாயிற்று. மிஞ்சியிருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய், டீக்கடை கிளாஸ் அளவுதான் கொள்ளும். அதன் ஓரம் நெடுக ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு ஸ்டேப்ளர் தையல். அந்தத் தையல் உங்கள் கண்ணில் படாது, அதனால் உங்கள் கணக்கிலும் வராது. குடல்வால் ஆபரேஷனுக்கும் இதே போலத் துளைதான் போடுகிறார்கள், பித்தப்பைக்கும் அப்படித்தான். துளையின் அளவை வைத்து ஆபரேஷனின் அளவைச் சொல்வது, சாவித் துவாரத்தைப் பார்த்து வீட்டின் அளவைச் சொல்வது போல. இதை நான் வாரத்துக்கு நாலு முறை சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, "அப்போ அடுத்த திங்கள் காலேஜ் போலாமா?" என்கிறார்கள்.

போகலாம். உட்கார்ந்து பாடம் கேட்க இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலோருக்குத் தெம்பு வந்துவிடும். பிரச்சினை வகுப்பில் இல்லை, மெஸ்ஸில். முதல் இரண்டு வாரம் தண்ணீர் மாதிரியான உணவு: மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பால். அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்தது. அதற்கடுத்த இரண்டு வாரம் குழைந்த சாப்பாடு. ஆக ஆறு வாரம் கழித்துத்தான் கடித்துத் தின்னும் சாப்பாட்டை மெதுவாகத் தொடங்கலாம். எந்த ஹாஸ்டலில் உங்களுக்கு மிக்ஸி வைத்திருக்கிறார்கள்? நம் பையன் இருபத்தோராம் நாள் ஹாஸ்டலுக்குப் போனான். முதல் நாள் காலையில் பொங்கல். வரிசையில் இருபது நிமிடம், சாப்பிடப் பத்து நிமிடம். நாலு வாய் விழுங்கியதும் நெஞ்சுக்குள் கல் மாதிரி நின்றிருக்கிறது. வாந்தி அன்றைக்கே ஆரம்பம்.

இதில் புரோட்டீன் கணக்கும் இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6, ஒரு இட்லியில் ஏறக்குறைய 2. ஆபரேஷன் ஆன வயிறு அரை இட்லிக்கே இருபது நிமிடம் கேட்கும். மெஸ் சாப்பாட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்றாம் மாதம் முடி கொத்தாகக் கொட்டுகிறது என்று அழுதுகொண்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். (சர்ஜன் தையல் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு "மேம், பானிபூரி ஓகேவா?" என்று வாட்ஸ்அப் வருவது எனக்குத்தான்.)

அதனால் தேதியை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளை வைத்துக் குறிக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்க இரண்டு வாரம் கடும் டயட் உண்டு. அது செமஸ்டர் கடைசிப் பரீட்சை மேல் விழக் கூடாது, பசியோடு மூன்று மணி நேரம் எழுத முடியாது. பின்னால் ஆறு வாரம் வீட்டுச் சாப்பாடு. மொத்தம் எட்டு வாரம். டிசம்பர் லீவில் இது அடங்கவே அடங்காது. மே மாதத்தில் தேர்வு முடிந்து ஜூலையில் கல்லூரி திறக்கிறதென்றால் ஓரளவு அடங்கும். வீட்டிலிருந்து தினமும் போய் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை தரலாம். ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கிடையாது. கடைசி ஆண்டா? படிப்பை முடித்துவிட்டு வா, கண்ணா. இத்தனை வருடம் இருந்த எடை இன்னும் ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அட்டெண்டன்ஸ் பயத்தில்தான் பாதிப் பேர் மறைக்கிறார்கள். 75 சதவீதம் வேண்டும் என்றால், 90 வேலை நாள் உள்ள செமஸ்டரில் 22 நாள் விடலாம். மருத்துவச் சான்று கொடுத்தால் பல கல்லூரிகளில் இன்னும் கொஞ்சம் விலக்கு உண்டு. அதை ஆபரேஷனுக்கு முன்பே துறைத் தலைவரிடம் போய்ப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு நகல் கொடுங்கள். வகுப்பில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வாங்குங்கள். ஒரே மூச்சில் குடிக்க உங்களால் முடியாது, நாள் முழுக்க மடக்கு மடக்காகத்தான் ஒன்றரை லிட்டர் சேரும்.

ஒரு மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே. லேப்டாப், ரெக்கார்டு, டிராஃப்டர் எல்லாம் அடைத்த பை அதைத் தாண்டும், எடை போட்டுப் பார். முதல் சில வாரம் ஐந்து மணி நேர பஸ் பயணம் வேண்டாம், காலில் ரத்தம் உறையலாம். உடம்பு வலிக்கு மெடிக்கலில் நீயாக மாத்திரை கேட்காதே. பர்த்டே பார்ட்டியில் "ஒரு பெக்தானே" என்பவனிடம், உனக்கு அது சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறும் என்று சொல். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க, பரீட்சை நாளிலும்கூட. பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்காக அவசரப்படுகிற அம்மாக்களுக்கு: ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதையும் சேர்த்து நாள் பாருங்கள்.

காய்ச்சல், வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குதல், சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல். இவற்றில் ஒன்று வந்தாலும் தையலில் கசிவா என்று பார்க்க வேண்டும், நேரே ஆஸ்பத்திரிக்கு வா. கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதற்காவது பயன்படட்டும். ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே போன். இன்டர்னல் இருந்தாலும்.

அப்புறம், ஒரு ரூம்மேட்டிடமாவது சொல்லி வையுங்கள். இவன் யாரிடமும் சொல்லவில்லை. குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்துப் பயந்துபோய், அந்த ரூம்மேட்தான் அவன் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறான்.

பி1 ஊசி போட ஆரம்பித்த சில நாளில் கண் சரியானது. நடை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, பிசியோதெரபிக்கு வருகிறான். அந்த செமஸ்டர் போய்விட்டது. அடுத்த ஜனவரியில் ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.