இணைப்பு போய்விட்டதை ஒரு செயலி எப்படி அறிகிறது?

வைஃபை உள்ள அறையிலிருந்து கைபேசியோடு வெளியே நடந்து பாருங்கள். திரையின் மேலே உள்ள வளைவுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஒரே ஒரு வளைவு எஞ்சும் இடத்தில் நின்று ஒரு செய்தி அனுப்புங்கள். பெரும்பாலும் அது போகாது. ஆனால் ‘இணைப்பு இல்லை’ என்றும் கைபேசி சொல்லாது. செய்திக்குப் பக்கத்தில் ஒரு சிறு கடிகாரம் மட்டும் தவம் கிடக்கும். இன்னும் பத்தடி நடந்தால் வைஃபை அறுந்து மொபைல் டேட்டா கைகொடுக்கும். செய்தியும் போய்ச் சேரும். இடைப்பட்ட அந்த அரைகுறை நேரத்தில் கைபேசிக்கு என்னதான் தெரிந்திருந்தது?

மிகக் கொஞ்சம். ‘இணையம் இருக்கிறதா’ என்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அதற்குள் பல கேள்விகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ரேடியோ அலை எட்டுகிறதா? நெட்வொர்க்கில் கைபேசியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை ரௌட்டர் கொடுத்ததா? ரௌட்டருக்கு அப்பால் வழி இருக்கிறதா? தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதில் சொல்கிறதா? கடைசியாக, நாம் தேடிப் போகும் சர்வர் விழித்திருக்கிறதா? முதல் இரண்டும் கைபேசிக்குக் கண்ணெதிரே தெரிபவை. மற்றவற்றை யாரிடமாவது கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கண்ணெதிரே தெரிவதிலும் ஒரு மயக்கம் உண்டு. வைஃபை ரௌட்டர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற சிறு அறிவிப்பை, வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை, ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. இதற்கு பீக்கன் என்று பெயர். ஒன்றிரண்டு பீக்கன் காதில் விழாவிட்டால் கைபேசி பதறுவதில்லை. தொடர்ந்து பல தவறினால்தான் இணைப்பு அறுந்தது என்று முடிவுகட்டும். இந்த அறிவிப்பு மிக மெதுவான வேகத்தில் அனுப்பப்படுவதால், தரவு எட்டாத தூரத்துக்கும் அது எட்டிவிடும். போதாக்குறைக்கு, பல ரௌட்டர்களின் குரல் கைபேசியின் குரலைவிட உரக்க ஒலிப்பது. ரௌட்டர் சொல்வது கைபேசிக்குக் கேட்கும். கைபேசி சொல்வது ரௌட்டருக்குக் கேட்காது. ஒற்றை வளைவில் செய்தி தவம் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வளைவுகள் முழுதாக இருந்தாலும் அவை காட்டுவது கைபேசிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான சில அடித் தூரத்தை மட்டுமே. அதற்கு அப்பால் கேபிள் அறுந்து கிடந்தாலும் வளைவுகள் வாடாது. அப்பால் என்ன நடக்கிறது என்று அறிய இயங்குதளம் ஒரு தூதனை அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு கைபேசி ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்ததும், இதற்கென்றே கூகுள் வைத்திருக்கும் ஒரு முகவரிக்குச் சிறு கோரிக்கை ஒன்றை அனுப்பும். எதிர்பார்க்கும் பதில் 204 என்ற எண். ‘கோரிக்கை வந்தது, தருவதற்கு ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள். ஆப்பிள் கைபேசிகளும் இதே வேலையைச் செய்கின்றன. அவை ‘சக்சஸ்’ என்ற ஒற்றைச் சொல் கொண்ட பக்கத்தை எதிர்பார்க்கும்.

காலிப் பதிலைக் கேட்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பொது இடத்து வைஃபை பலவற்றில், உள்நுழைவுப் பக்கத்தில் பதிவு செய்யும் வரை வெளியே போக முடியாது. நீங்கள் எதைக் கேட்டாலும் அந்த நெட்வொர்க் குறுக்கே புகுந்து தன் பக்கத்தையே நீட்டும். காலியாக வர வேண்டிய பதிலில் ஏதேனும் இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். இப்படி அனுப்பப்படும் கோரிக்கைகளில் ஒன்று வேண்டுமென்றே மறையாக்கம் (இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாமல் அனுப்பப்படுகிறது. மறையாக்கம் செய்தால் இடையில் இருப்பவரால் பதிலை மாற்ற முடியாது. கோரிக்கை வெறுமனே தோற்றுப்போகும், தோற்ற காரணம் தெரியாது. ஏமாறுவதற்கென்றே அனுப்பப்படும் தூதன்! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த உத்தி இதுதான்.

இவையெல்லாம் இயங்குதளத்தின் வேலை. செயலிக்குச் செய்தி எப்படிப் போகிறது? முன்பெல்லாம் ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் மாறியதும் ஒரு பொது அறிவிப்பு எழும். அதைக் கேட்பதாகப் பதிவு செய்திருந்த செயலிகள் அனைத்தும், தூங்கிக்கொண்டிருந்தவை உட்பட, ஒரே நேரத்தில் விழித்தெழும். ஒரு வைஃபை அறுந்ததற்கு அத்தனை செயலிகளும் நினைவகத்தில் ஏறி மோதினால் பேட்டரி என்ன ஆகும்? 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு இந்த வசதி நிறுத்தப்பட்டது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் செயலி, ‘மாற்றம் வந்தால் என்னைக் கூப்பிடு’ என்று இயங்குதளத்திடம் ஒரு செயற்கூறை, அதாவது கூப்பிட்டதும் ஓடும் ஒரு சிறு நிரல் துண்டை, கொடுத்துவைக்கிறது. புதிய நெட்வொர்க் வந்தால் ஓர் அழைப்பு, அதன் தன்மை மாறினால் ஓர் அழைப்பு, மறைந்தால் ஓர் அழைப்பு. ஆப்பிள் பக்கம் 2018இல் ஐஓஎஸ் 12 ஓடு வந்த கண்காணிப்பு வசதி இதையே செய்கிறது.

இங்கே நிரலாளர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். ‘வந்தது’ என்றால் உண்மை, ‘போனது’ என்றால் பொய் என்று நிரலில் ஒரே ஒரு மாறியை (மதிப்பைக் குறித்துவைக்கும் இடம்) வைத்துக்கொள்வது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இரண்டு நெட்வொர்க்குகளும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருக்கலாம். ‘மொபைல் டேட்டா வந்தது’ என்ற அழைப்பு முதலில் வரும். ‘வைஃபை போனது’ என்பது பிறகு வரும். கடைசியில் வந்ததை நம்பும் செயலி, டேட்டா நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இணைப்பு இல்லை’ என்று சிவப்புப் பட்டை காட்டும். எந்தெந்த நெட்வொர்க்குகள் உயிரோடு இருக்கின்றன என்ற பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அப்போது முதன்மையாகப் பயன்படும் நெட்வொர்க்கை மட்டும் கவனிக்கும்படி இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். அப்போதும் ‘வந்தது’ என்பது தூதன் திரும்பி வந்தான் என்பதல்ல. ஆண்ட்ராய்டில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற தனி முத்திரை அதற்கு உண்டு.

முத்திரையையும் பார்த்தாயிற்று. இனி நம்பலாமா? முத்திரை குத்தியபோது உண்மையாக இருந்தது, நம் கோரிக்கை கிளம்பும் நொடியில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூகுளின் முகவரி பதில் சொன்னது என்பதற்காக நம் சர்வர் பதில் சொல்லும் என்றும் இல்லை. எனவே ‘இணையம் இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு அனுப்புவதைவிட, அனுப்பிப் பார்த்துத் தோல்வியைக் கையாள்வதே நல்லது. ஆப்பிள் 2017இல், வழி கிடைக்கும் வரை கோரிக்கையைக் கையிலேயே வைத்திருந்து பிறகு அனுப்பும் வசதியைத் தந்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த எண்ணம்தான்.

தோல்வி உடனே தெரிந்தால் நல்லது. தெரியாதபோதுதான் வேதனை. தரவு தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் விதிமுறையான டிசிபியில், ஓர் இணைப்பு நான்கு எண்களால் அடையாளம் காணப்படுகிறது: இரு முனைகளின் ஐபி முகவரிகளும், அந்தந்த முனையில் எந்த நிரலுக்கு என்று காட்டும் போர்ட் எண்களும். வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனால் கைபேசியின் முகவரி மாறுகிறது. பழைய இணைப்பு அந்தக் கணமே பயனற்றது. முகவரி மறைந்தால் ஆண்ட்ராய்டு அந்த இணைப்புகளை அறுத்துச் செயலிக்குப் பிழை கொடுத்துவிடும். முகவரி அப்படியே இருந்து, வழி மட்டும் மௌனமாகச் செத்துப்போனால்? அனுப்பிய பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) கிணற்றில் போட்ட கல். டிசிபி விடாமல் காத்திருப்பை இரட்டிப்பாக்கி மீண்டும் மீண்டும் அனுப்பும். ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அது கைவிடுவதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் பிடிக்கும். அத்தனை நேரம் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மனிதர்களால் ஆகாது. ஆகவே செயலி தனக்கென்று 10 அல்லது 20 நொடிக் கெடு வைத்துக்கொள்கிறது.

கெடு முடிந்ததும் மறுபடி அனுப்புவதிலும் ஓர் ஆபத்து. கோரிக்கை தொலைந்ததா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று செயலிக்குத் தெரியாது. பணம் செலுத்தும் கோரிக்கையானால் இரண்டு முறை கழிந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் புறக்கணிக்கும்படி செய்கிறார்கள். முகவரி மாறும் தொல்லைக்கு, டிசிபிக்கு மாற்றாக வந்து 2021இல் தரநிலையான க்விக் நெறிமுறை வேறு விடை வைத்திருக்கிறது. அது இணைப்புக்குத் தனி அடையாள எண் தருவதால், முகவரி மாறினாலும் உரையாடல் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

இப்படியிருக்க, இயங்குதளத்தின் அழைப்பு எதற்குத்தான் பயன்படும்? மீண்டும் முயல நல்ல நேரம் எது என்று சொல்வதற்கு. இருட்டில் 1, 2, 4, 8 நொடி என இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே தட்டிப் பார்க்கும் செயலி, ‘வந்தது’ என்ற அழைப்பைக் கேட்டதும் காத்திருப்பை முறித்துக்கொண்டு எழலாம். ஆனால் ஒரு பகுதி முழுவதும் அறுந்திருந்த சேவை மீளும்போது ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே நொடியில் எழும் என்பதால், ஒவ்வொன்றும் தற்செயலாகச் சில நொடிகள் தாமதித்துத் தட்டுவது சர்வருக்குப் புண்ணியம்.

இவற்றையெல்லாம் சோதிக்கப் பலர் ஏரோபிளேன் மோட் பொத்தானை அழுத்துகிறார்கள். இருப்பதிலேயே நாகரிகமான துண்டிப்பு அது. எல்லா அழைப்புகளும் ஒழுங்காக வந்துவிடும், எந்தச் செயலியும் தேறிவிடும். நான் ரௌட்டருக்குப் பின்னால் போய் வெளியிலிருந்து வரும் கேபிளை மட்டும் பிடுங்குவேன். கைபேசியில் வளைவுகள் முழுதாக இருக்கும், முகவரி இருக்கும், பீக்கன் தவறாமல் வரும். அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு, செயலி என்ன செய்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.