'எடுத்துக்கொள்ளுங்கள்' என்றால் என்ன செய்ய வேண்டும்?

மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கிப்போன ஓர் அம்மா, மாதம் முடிந்து மறுபடியும் கடைக்கு வந்தார். இரண்டு படி ஏறியதற்கே இரைப்பு. "டாக்டர் எழுதின கேப்சூலை ஒரு வேளை விடாம எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி, ஒண்ணும் கேக்கலை" என்றார். எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "எப்படின்னா? வெந்நீர்ல முழுங்குறேன்." கூடவே கொடுத்த உறிஞ்சும் கருவி என்னாயிற்று? அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தக் கேப்சூலுக்குள் இருப்பது நுரையீரலுக்குப் போக வேண்டிய தூள். கருவியில் போட்டு, வாயில் வைத்து, மூச்சோடு வேகமாக இழுக்க வேண்டும். விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய் வீணாகிவிடும். நல்லவேளை, அவருக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் மருந்தே இல்லாமல் இருந்ததற்குச் சமம். இதில் அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பியது என் கடைதான். கேப்சூல் என்றால் விழுங்குவது என்று அவர் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறார். நாங்கள் சொன்ன சொல் அதை மாற்றவில்லை.

அன்றிலிருந்து இந்த 'எடுத்துக்கொள்' மேல் எனக்கு ஒரு கண். நம் தாத்தா பாட்டி காலத்தில் யாரும் மருந்தை 'எடுத்ததில்லை'. மாத்திரை போட்டார்கள், கஷாயம் குடித்தார்கள், லேகியம் சாப்பிட்டார்கள், தைலம் தேய்த்தார்கள். இப்போதோ பி.பி. மாத்திரை எடுக்கிறோம், இன்சுலின் எடுக்கிறோம், பஃப் எடுக்கிறோம், சிரப் எடுக்கிறோம். எல்லாம் ஆங்கில 'டேக்' போட்ட குட்டிகள்.

அந்த 'டேக்' ஆங்கிலத்துக்கே வந்தேறிதான். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அது 'டாகா'. பிடி, கைப்பற்று என்று பொருள். இன்னும் பின்னால் போனால், ஜெர்மானிய மொழிகளில் மிகப் பழைய நூல்கள் கிடைத்திருக்கும் கோதிக்கில் இதன் உறவுச்சொல்லுக்குத் தொடுதல் என்றுதான் அர்த்தம். 'டேக்' வருவதற்கு முன் ஆங்கிலேயர்களிடம் இதே வேலைக்கு 'நிமன்' என்ற சொந்தச் சொல் இருந்தது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'நேமன்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வந்தவன் வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டான். 'நிமன்' விட்டுப்போன ஒரு மிச்சம் எங்கள் கவுண்டரில் தினமும் காதில் விழும்: மரத்துப்போனதைச் சொல்லும் ஆங்கில 'நம்' (numb). கால் 'நம்' ஆகிவிட்டது என்றால், அதன் உணர்வை ஏதோ ஒன்று பறித்துக்கொண்டது என்பதுதான் சொல்லின் வேர்ப்பொருள். நோய்ப்பட்ட நிலையைக் குறிக்கும் 'இல்' (ill) என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வைக்கிங்குகள் கொண்டுவந்தது. நோயையும் கொடுத்து மருந்தை எடுக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்!

பிடி, கைப்பற்று என்பதில் ஆரம்பித்த சொல் அப்புறம் ஊரையே வளைத்துப்போட்டது. ஆங்கிலத்தில் பஸ்ஸையும் 'டேக்' செய்யலாம், போட்டோவையும் செய்யலாம், குளியலையும் செய்யலாம். எதிலும் அந்தச் சொல் தனியாக நின்று பொருள் தருவதில்லை. பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் இருக்கிறதோ அதுதான் பொருளை முடிவு செய்கிறது. மருந்திலும் அப்படியே. பொருள் உன்னிடம் வந்து சேரட்டும் என்கிற அளவில் 'டேக்' நின்றுவிடும். வாய் வழியா, மூக்கு வழியா, தோல் வழியா என்பதைக் கேட்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. டாக்டர் சீட்டின் மேல் ஓரத்தில் 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்குக்கோடு போட்ட குறி இருக்குமே, அது 'ரெகிபெ' என்ற லத்தீன் ஏவல் வினையின் சுருக்கம். பொருள்: எடுத்துக்கொள். அந்த 'எடுத்துக்கொள்' நோயாளிக்குச் சொன்னதல்ல, மருந்தாளுநருக்குச் சொன்னது! இன்ன சரக்கு இத்தனை எடுத்து, கலந்து, மருந்தாக்கு என்று அர்த்தம். சமையல் குறிப்பான 'ரெசிபி'யும் இதே சொல்தான். முதலில் மருந்துக்கு வந்து, பிறகுதான் அடுப்படிக்குப் போனது. நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் காலச் சீட்டில் 'சிக்னா' என்று தனியாகக் குறித்து எழுதினார்கள். ஆக, எனக்கு வந்த ஏவலை நான் அப்படியே உங்கள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெஞ்சுவலிக்காரர்களுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். நைட்ரோகிளிசரினை அப்படி வைத்துக் கரையவிட்டால் நேராக ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். விழுங்கினாலோ, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே சிதைந்துபோகும். வலி வந்த நேரத்தில் ஒருவர் அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே நெஞ்சுவலியில், மாரடைப்பாக இருக்கலாம் என்று சந்தேகித்து மருத்துவர் கொடுக்கச் சொல்லும் ஆஸ்பிரினை மென்று விழுங்க வேண்டும். அப்போதுதான் சீக்கிரம் ஏறும். ஒன்றைக் கரையவிட வேண்டும், இன்னொன்றை மெல்ல வேண்டும். எங்கள் வாயில் இரண்டுமே 'எடுத்துக்கோங்க'.

இதற்கு நேர்மாறாக, மெல்லவே கூடாதவை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினில் 'எஸ்.ஆர்.' என்று போட்டிருப்பது, மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை. பெரிய மாத்திரை, தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மியில் நுணுக்கிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நுணுக்கினால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரில் போட்டதும் நுரைக்கும் மாத்திரையை அப்படியே விழுங்கப் பார்ப்பவர்களும் உண்டு. நுரைப்பது தம்ளருக்குள் நடக்க வேண்டிய காரியம், தொண்டைக்குள் அல்ல.

பேசக் கூச்சப்படும் இடத்தில்தான் தப்பு அதிகம். வெள்ளைப்படுதலுக்கு, பெண்ணுறுப்புக்குள் வைக்கக் கொடுக்கும் மாத்திரையைக் கவரில் போட்டு, "ராத்திரி படுக்கும்போது எடுத்துக்கோங்கம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்புகிறோம். வாய் வழியாகத்தான் போகும், வேறெங்கே? ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கும் இதே கதிதான். எங்கள் கடையில் இப்போது கவர் மேல் தமிழில் 'உள்ளே வைக்க, விழுங்கக் கூடாது' என்று எழுதிக் கொடுக்கிறோம். படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை.

படிக்கத் தெரிந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2006இல் அமெரிக்காவில் 395 பேரிடம் செய்த ஓர் ஆய்வு எங்கள் துறையில் பிரபலம். 'இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு முறை' என்ற லேபிளை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் சுமார் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றபோது, சுமார் 35 சதவீதம் பேர்தான் நான்கை எண்ணினார்கள். ஆங்கிலம் பேசுகிற ஊரிலேயே இந்த நிலை. அதனால்தான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் இதை என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க" என்று கேட்கிறேன்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது என்பதுதான் எனக்கு ஆதங்கம். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். குடிநீர் என்றால் குடிக்க வேண்டும், நசியம் மூக்கில் விட வேண்டும், பற்றைப் போட வேண்டும், ஒற்றடத்தை ஒற்ற வேண்டும். பெயரிலேயே பாதிச் செய்முறை இருக்கிறது. ஆங்கிலத்திலும் விழுங்கு, மெல்லு, உறிஞ்சு என்பதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் உண்டு. சோம்பலில்தான் எல்லாவற்றையும் 'டேக்' என்கிறார்கள். அந்தச் சோம்பலை நாமும் ஏன் மொழிபெயர்த்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், தனியாக இருக்கும் அம்மாவிடம் தினமும் போனில் "மாத்திரை எடுத்துட்டியாம்மா?" என்று கேட்பான். "எடுத்துட்டேன்டா" என்பார் அவர். மாதக் கடைசியில் டப்பாவில் பாதி மாத்திரை மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். விசாரித்தால், அவர் பொய்யே சொல்லவில்லை. காலையில் டப்பாவிலிருந்து அந்த வேளைக்கானதை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைப்பது வழக்கம். சாப்பிட்டபின் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்து, மறந்துவிடுவார். சாயங்காலம் அதையே டப்பாவில் திருப்பிப் போட்டுவிடுவார். எடுத்தது உண்மைதானே. இப்போது பையன் "முழுங்கியாச்சா?" என்று கேட்கிறானாம். ஒரு நிமிஷம் இருடா என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போகிறாராம்.