‘ஆக்சுவல்’ வேறு, ‘ஆக்துயெல்’ வேறு

ஆங்கிலக் கணக்கறிக்கையில் ‘ஆக்சுவல் காஸ்ட்’ என்று கண்டதும் மொழிபெயர்ப்பாளர்கள் பிரெஞ்சில் ‘கூ ஆக்துயெல்’ என்று தட்டிவிடுகிறார்கள் (‘கூ’ என்றால் செலவு). ‘ஆக்சுவல் காஸ்ட்’ என்பது, போட்ட மதிப்பீட்டுக்கு எதிரே உண்மையில் ஆன செலவைக் காட்டும் பத்தி. ‘கூ ஆக்துயெல்’ என்பதைப் பிரெஞ்சுக்காரர் ‘தற்போதைய விலை’ என்றுதான் படிப்பார். முடிந்துபோன வேலையின் கணக்கில் இன்றைய விலைக்கு என்ன வேலை? அங்கே வரவேண்டியது ‘கூ ரேயெல்’, அதாவது உண்மைச் செலவு.

இரண்டுக்கும் வேர் ஒன்றே: செயலைக் குறிக்கும் இலத்தீன் ‘ஆக்துஸ்’. பிரெஞ்சு வழியாகத்தான் ஆங்கிலத்துக்கே போனது. பிறகு பிரெஞ்சு ‘இப்போதுள்ள’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ஸ்பானியமும் ஜெர்மனும் அதே பக்கம், ‘உண்மையான’ என்ற பொருளோடு தனித்து நிற்பது ஆங்கிலம்தான்.

‘பிரெஞ்சு அகராதியில் செயலில் உள்ள என்ற பழைய பொருளும் இருக்கிறதே’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கிறது, மெய்யியலிலும் இறையியலிலும். ஜென்ம பாவத்துக்கு எதிராக, ஒருவர் தாமே செய்த பாவம் ‘பெஷே ஆக்துயெல்’. செலவுக் கணக்கு அந்த வகையில் சேராது.

திருத்துகிறேன் என்று எல்லா இடத்திலும் ‘ரேயெல்’ போடுவது அடுத்த தொல்லை. அளவு, செலவு, வருமானம் என்றால் சரி. விருந்து, வரவேற்பெல்லாம் தவிர்த்துச் சடங்கை மட்டும் சொல்லும்போது ‘ஸெரெமொனி ரேயெல்’ என்றால் மற்றது பொய்ச்சடங்கா? ‘சரியாகச் சொன்னால் அதுவே’ என்ற பொருளுள்ள ‘ப்ரோப்ரமான் தீத்’ என்பதைப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சேர்க்க வேண்டும். ஒருவர் சொன்ன சொற்களையே குறிக்க ‘ஸே ப்ரோப்ர் மோ’. இங்கே ‘ப்ரோப்ர்’ முன்னால்தான் நிற்க வேண்டும். பின்னால் போனால் பெரும்பாலும் ‘சுத்தமான’ என்றாகிவிடும். பொம்மையல்ல, நிஜச் சிங்கம் என்றால் ‘அன் வ்ரே லியோன்’. ‘வ்ரே’யும் முன்னால்தான். பல வாக்கியங்களில் அடைமொழியே வேண்டாம், ‘இதுதான்... அது’ என்பதுபோல ‘ஸே... கீ’ என்று வாக்கியத்தைத் திருப்பினாலே அழுத்தம் வந்துவிடும்.

தமிழில் அந்த வேலைக்குத் தேற்றேகாரம், அதாவது உறுதிப்படுத்தும் ‘ஏ’, இருக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருளில் தேற்றம் முதலாவது. ‘அவர் சொன்ன வார்த்தையையே எழுதினேன்’ என்றால் முடிந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ ‘அவரது உண்மையான வார்த்தைகளை’ என்கிறார்கள். ஏதோ போலி வார்த்தைகளும் உலவுவதுபோல. கணக்கில் ‘உண்மைச் செலவு’ சரி, ‘மெய்ச்செலவு’ இன்னும் கச்சிதம். ‘உண்மையான திருமணம் பத்து மணிக்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘முகூர்த்தம் பத்து மணிக்கு’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.