ஆப்த மித்ரா திட்டம்: உங்கள் தெருவில் பயிற்சி பெற்றவர் யார்?

ஊர்மக்களுக்குப் பேரிடர் பயிற்சி கொடுப்பது யாருடைய வேலை? தொண்டு நிறுவனங்கள் செய்கிற நல்ல காரியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்தப் பொறுப்பை மாவட்டத்திடம் கொடுத்திருக்கிறது. ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மக்களுக்குப் பயிற்சியும் விழிப்புணர்வும் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், தன்னார்வ மீட்பாளர்களுக்கான பயிற்சியை ஒருங்கிணைக்க வேண்டும் என்று அதன் 30-வது பிரிவு சொல்கிறது. ஊராட்சியும் நகராட்சியும் தங்கள் ஊழியர்களுக்குப் பேரிடர் பயிற்சி கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்பது 41-வது பிரிவு. அதனால் உங்கள் ஊருக்குப் பயிற்சி கேட்டு மனு எழுதும்போது தயங்க வேண்டியதில்லை. சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறீர்கள்.

இந்தப் பொறுப்பைக் களத்தில் நிறைவேற்றுவதற்கு ஒன்றிய அரசு கொண்டுவந்ததுதான் ஆப்த மித்ரா. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் இதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. வெள்ளம் அடிக்கடி வரும் 30 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மாவட்டத்துக்கு 200 பேர் என்று 6,000 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது திட்டம். பிறகு வெள்ளத்தோடு புயல், நிலச்சரிவு, நிலநடுக்கம் ஆகியவற்றையும் சேர்த்து 350 மாவட்டங்களுக்கு விரித்தார்கள். இலக்கு ஒரு லட்சம் பேர், ஒதுக்கீடு சுமார் 369 கோடி ரூபாய்.

இதற்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டால், கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது தென்னை மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளில் சரிந்து கிடந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். புயல் வருவது முன்பே தெரிந்து குழுக்களைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், எல்லாச் சாலைகளும் அடைபட்ட பிறகு ஒவ்வொரு ஊருக்குள்ளும் அவர்களால் உடனே நுழைய முடியாது. முதல் சில மணி நேரத்துக்கு அரிவாளும் ரம்பமும் கயிறும் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள்தான் மீட்புப் படை. 2015 சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் படகோடு வந்து ஆட்களை ஏற்றிச் சென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். துணிச்சலுக்கு நம் ஊர்களில் குறைவில்லை. முதுகெலும்பில் அடிபட்டவரை எப்படித் தூக்குவது, தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் என்ன செய்வது என்பதை மட்டும் யாராவது சொல்லித்தர வேண்டும். தெரியாமல் தூக்கினால் காப்பாற்றப் போனவராலேயே கேடு வந்துவிடும்.

பயிற்சி 12 நாள். முதலுதவி, நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, கயிற்று முடிச்சுகள், வெள்ளத்தில் மீட்பு, தீயணைப்பு, வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்தே தூக்குப்படுக்கையும் மிதவையும் செய்வது என்று பெரும்பாலும் செய்முறைதான். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களைச் சேர்த்துக் கட்டினால் ஓர் ஆளைத் தாங்கும் மிதவை கிடைத்துவிடும்.

சேருவதற்கான தகுதி எளிமையானது: வயது 18 முதல் 40 வரை, குறைந்தது ஏழாம் வகுப்பு, அந்த மாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும், உடல்நலம் இருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர், ஓய்வுபெற்ற மருத்துவப் பணியாளர்கள் போன்றோருக்கு வயதில் தளர்வு உண்டு. பெண்கள் அவசியம் சேர வேண்டும் என்பேன். பகல் நேரத்தில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே காரணம் புரியும்.

சம்பளம் கிடையாது, இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அரசு வேலைக்கான கதவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைப்பது சான்றிதழ், உயிர்காக்கும் மேலங்கி, டார்ச், ஹெல்மெட், கையுறை, விசில், முதலுதவிப் பெட்டி போன்றவை அடங்கிய ஒரு பை, அப்புறம் மூன்று ஆண்டுகளுக்கு ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீடு. ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள் தங்கள் காப்பீடு எந்தத் தேதிவரை செல்லும் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியான காப்பீட்டோடு வெள்ளத்தில் இறங்குவது நியாயமில்லை.

ஒரு லட்சம் பேர் என்ற இலக்கு எட்டப்பட்ட பிறகு, அடுத்த கட்டமாக யுவ ஆப்த மித்ரா வந்தது. இதில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., நேரு யுவ கேந்திரா, சாரணர் இயக்கம் ஆகியவற்றில் இருக்கும் இளைஞர்களுக்குப் பயிற்சி. 315 மாவட்டங்களில் சுமார் 2.37 லட்சம் பேர் இலக்கு. கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் என்.எஸ்.எஸ். அலுவலரிடம் கேட்டாலே போதும்.

மற்றவர்கள் கலெக்டர் ஆபீஸில் உள்ள பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் அங்கே போனதும் முதல் கேள்வியாக "நான் சேரலாமா" என்று கேட்காதீர்கள். "எங்கள் ஊராட்சியில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள் யார் யார்" என்று கேளுங்கள். என் பார்வையில் திட்டத்தின் பலவீனமே இங்கேதான் இருக்கிறது. ஒருவர் 12 நாள் பயிற்சி முடித்துப் பையோடு வீடு திரும்புவார், பக்கத்துத் தெருவுக்கு அது தெரியாது. ஊராட்சி அலுவலகச் சுவரில் அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, எழுதப்பட்டிருந்தால் போதும்.

இதைக் கேட்க நல்ல இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும், நவம்பர் 1 என்றால் மழைக்குள்ளேயே நிற்கிறோம். தீர்மானத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சி பெற்றவர்களின் பட்டியல், மழைக்கு முன் ஓர் ஒத்திகை, பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்ற விவரம். சாவி சின்ன விஷயமாகத் தெரியலாம். நள்ளிரவில் கைக்குழந்தையோடு பூட்டிய கதவு முன் நின்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் அதே ஒத்திகையில் பிரித்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் "அணை உடைந்துவிட்டது" என்று பரப்புபவர்களுக்கும் இதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் 54-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.